வெட்டாத கத்தரி

வீட்டில் எல்லோரும் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால், அதற்கும் காரமாகத்தான் பதில் சொல்வாள்.

விடுமுறை முழுக்க மிளகாயும் சித்தப்பாவும் தங்கள் முன்னோர் வாழ்ந்த வீடுகளையும் வேலை பார்த்த இடங்களையும் தேடி அலைந்தார்கள். ஒரு மந்திரியாவது அகப்படுவார் என்று சித்தப்பாவுக்கு ஆசை. அகப்பட்டதெல்லாம் ஒரு படகோட்டியும் இரண்டு செங்கல் சூளைக்காரர்களும்தான்.

இன்று ஒரு பழைய மாளிகைக்கு வந்திருந்தார்கள். மிளகாயின் எள்ளுப்பாட்டி, அதாவது தாத்தாவின் பாட்டி, இங்கேதான் துணி தைத்தாராம். மாளிகை இப்போது காட்சிக்கூடம்.

தையல் அறையில் வழிகாட்டி ஒரு பெரிய கத்தரியை எடுத்துக் கந்தல் துணியை வெட்டிக் காட்டினார். துணி வெட்டுப்படாமல் கத்தரிக்குள் மடிந்துகொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா? இங்க இருந்த தையல்காரம்மா தலையில யாரோ இதைக் கட்டிட்டாங்க. பாவம், ஏமாந்துட்டாங்க!"

மேசைமேல் ஓர் அட்டை. அதிலும் 'வெட்டாத கத்தரி' என்றே எழுதியிருந்தது.

மிளகாய்க்குச் சுருக்கென்றது. "எங்க எள்ளுப்பாட்டி ஒண்ணும் ஏமாளி இல்ல!"

"சும்மா இரு," என்று சித்தப்பா அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அவங்களுக்குத் தெரியாததா?"

"இருக்க மாட்டேன். கைப்பிடி எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க! வெட்டாத கத்தரியை யாராவது இப்படித் தேயற வரைக்கும் பிடிப்பாங்களா?"

வழிகாட்டி கத்தரியை அவள் பக்கம் தள்ளினார். "அப்போ நீயே வெட்டிப் பாரேன்."

மிளகாய் கையை நீட்டினாள். இடது கையை. எழுதுவது, பல் தேய்ப்பது, பந்து எறிவது எல்லாம் அவளுக்கு அந்தக் கைதான். 'கையை மாத்து, கையை மாத்து' என்று சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் வாய் வலித்துவிட்டது. இதுவரை எந்தக் கத்தரியும் அவள் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை.

இது கேட்டது! சரக், சரக் என்று துணி நேராக இரண்டாய்ப் பிரிந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது இடது கைக்குன்னே செஞ்ச கத்தரி," என்றாள் மிளகாய். "எள்ளுப்பாட்டியையும் கையை மாத்தச் சொல்லித்தான் இருப்பாங்க. அவங்க கையை மாத்தல, கத்தரியை மாத்திட்டாங்க!"

"எங்க கொள்ளுப்பாட்டியாக்கும்!" என்று சித்தப்பா பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

வழிகாட்டி அசடு வழியச் சிரித்தபடி அட்டையைத் திருப்பினார். "சரிம்மா, இதுல இனிமே என்னன்னு எழுதறது?"

"குடுங்க, நானே எழுதறேன்."

மிளகாய் இடது கையால் கொட்டை எழுத்தில் எழுதினாள்:

'நன்றாக வெட்டும். கையை மாற்றிப் பிடிக்கவும்.'