ஐம்பத்தாறுக்கு முப்பத்தொன்று

"ஐயோ...!"

மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டிலிருந்து வந்த அலறல் நாலு மாடிக்கும் கேட்டது.

துப்புரவுப் பணிக்கு வந்த அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கீழே, மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு பெரியவர் கிடந்தார்.

ஒரு செருப்பு காலில். இன்னொன்று ஐந்து படி மேலே. மூச்சு இல்லை.

மணி ஒன்பது நாற்பத்தைந்து. கால் மணி நேரத்துக்கு முன்புதான் அதே மனிதர் நாலாவது மாடியில் ஒற்றைக் காலில் நின்று, எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருந்தார்.

*

இன்ஸ்பெக்டருக்குத் தொப்பை பெரிது. நாலு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இருந்த பிசியோதெரபிஸ்டைப் பார்த்தார்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. முகத்தில் ரத்தமே இல்லை.

"இங்க என்னம்மா வேலை நடக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"வயசானவங்க விழாம நிக்க முடியுதான்னு சோதிக்கறோம் சார். ஆராய்ச்சி. தள்ளாட்டத்துக்குப் புதுசா ஒரு மாத்திரை கண்டுபிடிச்சிருக்காங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்ப்போம். ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை."

"எப்படிப் பார்ப்பீங்க? பிடிச்சுத் தள்ளியா?"

அவள் சிரிக்கவில்லை.

"பதினாலு வேலை குடுப்போம் சார். கையை ஊனாம நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கணும். கண்ணை மூடி நிக்கணும். தரையில கிடக்கற செருப்பைக் குனிஞ்சு எடுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நாலு மார்க். மொத்தம் ஐம்பத்தாறு."

"செத்தவரு எவ்வளவு வாங்கினாரு?"

"ஐம்பத்தஞ்சு."

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த ஒரு தாளைத் திருப்பி வைத்தார்.

"இதுல முப்பத்தொண்ணு."

அவள் குனிந்து பார்த்தாள். பெரியவரின் பெயர். இன்றைய தேதி. அச்சடித்த எண்களைச் சுற்றி வட்டங்கள்... ஒன்றில் வட்டம், இரண்டில் வட்டம், பூஜ்யத்தில் வட்டம். வட்டத்தை யார் போட்டாலும் வட்டம்தான்.

"கீழே கையெழுத்து யாருது?"

"என்னுது... ஆனா இந்த மார்க்கை நான் போடலை சார்."

"கையெழுத்து மட்டும் தானா வந்து உக்காந்துடுச்சா?"

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கூட்டமான நாட்களில் நேரம் மிச்சமாகட்டும் என்று, காலையிலேயே ஒரு அடுக்கு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்கள். படித்தவர்கள் செய்கிற முட்டாள்தனத்துக்கு அளவே கிடையாது. அதை அவள் சொன்னபோது அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

இன்ஸ்பெக்டர் சுவரைக் காட்டினார்.

"நாற்பதுக்குக் கீழே வாங்கினவங்களைத் தனியா படியிறங்க விடக் கூடாதுன்னு ஒட்டியிருக்கீங்க. நீங்க விட்டிருக்கீங்க. ஒரு உயிர் போயிருக்கு."

"அவரு முப்பத்தொண்ணு வாங்கற ஆளே இல்லை சார். முப்பது வருஷம் சாரத்து மேல நின்னு பெயிண்ட் அடிச்சவரு. ஒத்தக் கால்ல இருபத்திரண்டு செகண்ட் நின்னாரு. 'இன்னும் நிக்கணுமாம்மா, எனக்குப் பசிக்குதே'ன்னு கேட்டாரு."

வாசலில் நின்றிருந்த பெயிண்டரின் மகன் குரல் உடைந்து பேசினான்.

"நீங்க கூப்பிட்டீங்கன்னுதானே மேடம் எங்கப்பா வந்தாரு? கீழ வரைக்கும் கூட வர உங்களுக்கு அஞ்சு நிமிஷம் கிடைக்கலையா?"

அவளால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அந்த ஐம்பத்தஞ்சு போட்ட தாள் எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பெரிய டாக்டர்கிட்ட குடுத்தேன்."

"அவரு இந்தத் தாள்தான் வந்துச்சுங்கறாரு. போஸ்ட்மார்ட்டம் டாக்டரைப் பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் இந்த மாடியை விட்டு இறங்காதீங்க. படியிலயும் லிஃப்ட்லயும் ஆள் போட்டிருக்கேன்."

அவர் போனதும் அவள் கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க... ஸ்கூல்லேர்ந்து பாப்பாவை நீங்க போய் கூட்டிட்டு வந்துடுங்க."

"ஏன், உனக்கு லேட்டாகுமா?"

"எவ்வளவு லேட்டுன்னு தெரியலை" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. ஜெயிலுக்குப் போனால் பாப்பாவுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

*

"அழாதேம்மா. நான் இருக்கேன்ல."

பெரிய டாக்டர் அவள் தோளைத் தட்டினார். நரைத்த தலை, மெதுவான குரல். இருபத்தைந்து வருஷமாக இதே வேலை. அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

"மெஷின் தப்பா காட்டியிருக்கலாம். அதுலேர்ந்துதான் மார்க் மாறியிருக்கும். நீ ஏறி நில்லு, ஒரு சோதனை ஓட்டிப் பார்க்கலாம். மெஷின் மேல தப்புன்னா நீ தப்பிச்சே."

மூழ்குகிறவளுக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது. வட்டம் போடுவது கைதானே, மெஷினா என்று யோசிக்கக்கூடத் தோன்றாமல் அவள் உடனே எழுந்தாள்.

உள் அறையில் நின்றது அந்த மெஷின். மூன்று பக்கம் சுவர் வைத்த ஆள் உயரக் கூண்டு. தரையில் முன்னும் பின்னும் சாயும் இரும்புத் தட்டு. அதை ஆட்டுகிற ரிமோட் பக்கவாட்டில். நிற்கிறவர் விழுந்துவிடாமல் தாங்க, மேலிருந்து கயிற்றில் தொங்கும் பட்டைச் சட்டை. அதன் கொக்கிகள் எல்லாம் முதுகுப் பக்கம். பயந்துபோன நோயாளி நடுவில் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக அப்படி.

டாக்டர் பின்னாலிருந்து கொக்கிகளை மாட்டினார். ஒன்று... இரண்டு... மூன்று... நாலு.

பிறகு கயிற்றை இழுத்து முறுக்கினார். அவள் குதிகால் லேசாகத் தட்டை விட்டு எழும்பியது.

பிறகு போய்க் கதவைப் பூட்டினார்.

"டாக்டர்... கதவை எதுக்கு?"

"சத்தம் வெளிய போகக் கூடாதுல்ல" என்றார், அதே மெதுவான குரலில்.

முதுகுக்குக் கையைக் கொண்டுபோனாள். விரல் எட்டவில்லை.

"நீங்கதானா?"

"ஐம்பத்தஞ்சு வாங்கினவனுக்கு மாத்திரை குடுத்து நான் என்ன முன்னேற்றத்தைக் காட்ட முடியும் சொல்லு. ஆரம்பத்துல கம்மியா இருந்தாத்தானே ஆறு வாரத்துல ஏறும்? உன் கையெழுத்தோட வெற்றுத் தாள் கட்டுக்கட்டா கிடக்குது. இதுவரைக்கும் நாற்பது பேருக்கு மாத்திட்டேன். ஒருத்தருக்கும் தெரியலை."

"அவருக்குத் தெரிஞ்சுடுச்சு."

"என் மேஜையில பார்த்துட்டாரு. 'எனக்கா முப்பத்தொண்ணு, எல்லார் முன்னாடியும் நின்னு காட்டறேன் வா'ன்னு கத்தினாரு. கீழே போய் பேசலாம்னு பின்பக்கமா கூட்டிட்டுப் போனேன்."

அவர் ஒரு அட்டையையும் தாளையும் பேனாவையும் அவள் கையில் திணித்தார். கயிற்றை அவள் குனிந்து எழுதும் அளவுக்குத் தளர்த்தினார்.

"எழுது. 'என் கவனக்குறைவால் ஒரு உயிர் போனது. இந்தக் குற்ற உணர்ச்சியோடு என்னால் வாழ முடியாது.' கையெழுத்துப் போடு. அது உனக்குப் பழக்கம்தானே."

மறு கையில் ஊசி இருந்தது. மருந்து அறைப் பதிவேட்டில் அவள் பெயரில் எடுத்த மருந்து.

"எழுத மாட்டேன்."

"எழுதாட்டியும் ஊசி உண்டு. எழுதினா வலிக்காம போடுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

வெளியே மேஜை மேல் அவள் போன் அடித்தது. கணவன்தான். ஏழெட்டு அடி தூரம். ஏழெட்டு மைல் என்றாலும் ஒன்றுதான்.

அவள் எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்து எழுதினாள். டாக்டர் பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலாகப் படித்தார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். கயிறு தளர்ந்திருக்கிறது. இப்போது விழுந்தால் பட்டை தாங்காது.

பேனாவை விட்டாள்.

உடம்பை மரக்கட்டையாக்கிக்கொண்டு, அப்படியே பின்னால் சாய்ந்தாள்!

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. நோயாளிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். கை தயாராக இருக்க வேண்டும். ஆள் சாய்ந்தால் யோசிக்காமல் பிடிக்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக யோசிக்காமல் பிடித்த கைகள் அவை.

இப்போதும் யோசிக்கவில்லை.

ஊசி கீழே விழுந்து உருண்டது. இரண்டு கைகளும் பாய்ந்து அவள் மேற்கைகளை இறுக்கிப் பிடித்தன. தாங்குவதற்காக அவரது ஒரு கால் தட்டின் மேல் ஏறியது. முகத்தில் அவருக்கே திகைப்பு. தான் கொல்ல வந்த பெண்ணையே ஏன் பிடித்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

அவளுக்கு அந்த அரை நொடி போதும். கூண்டின் பக்கவாட்டில் தொங்கிய ரிமோட்டைப் பறித்து, கடைசிப் பித்தானை அழுத்தினாள். முழு வேகம்.

தட்டு சடாரென்று சாய்ந்தது. ஒரு கால் தட்டிலும் ஒரு கால் தரையிலுமாக நின்ற டாக்டர் மல்லாந்தார். பின்மண்டை இரும்பு விளிம்பில் மோதிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அவள் தட்டை நிறுத்தினாள். முழங்காலில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு கதவை நோக்கித் தாவினாள்.

கயிறு இரண்டடியில் இழுத்து நிறுத்தியது.

கொக்கியைத் தேடினாள். எட்டவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. பூட்டிய அறை, கட்டிய கயிறு, காலடியில் ஒரு கொலைகாரன்.

அவன் விரல்கள் அசைந்தன.

"யாராவது வாங்க!" தொண்டை கிழியக் கத்தினாள்.

டாக்டர் கண்ணைத் திறந்தார். தவழ்ந்தார். அவளிடம் அல்ல. மெஷினுக்கு அடியில் கிடந்த ஊசியிடம்.

அவர் விரல் ஊசியைத் தொடும்போது கதவில் சாவி திரும்பியது.

*

துப்புரவு அம்மாளின் சாவிக்கொத்தோடு இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் போலீஸ்.

டாக்டர் முந்திக்கொண்டார்.

"நல்லவேளை சார் வந்தீங்க. தப்பை ஒத்துக்கிட்டு லெட்டர் எழுதிட்டு, ஊசி போட்டுக்கப் பார்த்தா. தடுக்கப் போன என்னை மெஷின்ல தள்ளிட்டா. பாருங்க, அவ கையெழுத்து."

இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் படித்தார். அவளைப் பார்த்தார். கையெழுத்து அவளுடையது. மருந்து அவள் பெயரில். இந்தத் தடவையும் தாள் அவளுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லப்போகிறது.

"சட்டைக் கையை மேல தூக்குங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்...?"

"தூக்குங்க."

தூக்கினாள். மேற்கையில் செக்கச்செவேலென்று நாலு விரல் தடம். பின்னால் ஒரு கட்டைவிரல். நடுவிரல் தடத்தில் சின்னதாக ஒரு சதுரம்.

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பெயிண்டரின் வயதான கை. அதே நாலு விரல். அதே சதுரம்.

எல்லார் பார்வையும் டாக்டரின் நடுவிரலுக்குப் போனது. தொளதொளத்த மோதிரம். அதன் சதுரக் கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்தது.

"போஸ்ட்மார்ட்டம் டாக்டர் காட்டினதுலேர்ந்து இதான் மண்டையைக் குடைஞ்சுது" என்றார் இன்ஸ்பெக்டர். "முதுகுல கை வெச்சுத் தள்ளின காயமும் இருக்கு, கையைப் பிடிச்ச தடமும் இருக்கு. தள்ளினவன் எதுக்குய்யா பிடிக்கறான்?"

"தள்ளினது அவரு சார்" என்றாள் அவள். "பிடிச்சது அவரோட பழக்கம்."

டாக்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பிடிக்கணும்னு நான் நினைக்கவே இல்லை. கை தானா போச்சு."

"அப்புறம்?"

"படி தடுக்கிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டாரு போல. திரும்பிப் பார்த்து, 'நல்லவேளை டாக்டர், பிடிச்சீங்க'ன்னாரு."

"அப்புறம்?"

"விட்டுட்டேன்."

பெண் போலீஸ் அவளுக்குப் பின்னால் போய் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பட்டைச் சட்டை கழன்றதும் அவள் ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"என்னங்க... பாப்பாவை நானே கூட்டிட்டு வரேன்" என்றவள், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

டாக்டரை விலங்கு மாட்டி எழுப்பினார்கள். மண்டையில் பட்ட அடி. நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடினார்.

"என்னம்மா இப்படித் தள்ளாடறாரு?" என்றார் இன்ஸ்பெக்டர். "இது உங்க தொழிலாச்சே, பார்த்துச் சொல்லுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி முறையாகத் தன் குருவை அளந்து பார்த்தாள்.

"இவரால தனியா நிக்க முடியாது சார். பிடிச்சுக்க ஏதாவது வேணும்."

"கவலையே படாதீங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "நாங்க கூட்டிட்டுப் போற இடத்துல கம்பிக்குப் பஞ்சமே இல்லை!"