“ஆவணம் இல்லை” என்று எழுதியவன்

“இந்த ஆளுக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல சட்டைப் பொத்தானைப் பிடுங்கி முகத்துல தைச்சு வச்சிருக்காங்களா?”

கணினித் திரையைப் பார்த்துத்தான் கேட்டாள். ஆனால் அந்தச் சின்ன ஜெராக்ஸ் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாருங்க அது?” பின்னாலிருந்து ஒரு குரல்.

“நகராட்சித் தகவல் அலுவலர். ஆன்லைன்ல மனு போட்டா, நாம கேட்கிற அறிக்கை, பதிவேடு எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டிய மனுஷன். எனக்கு ரெண்டு தடவை கையை விரிச்சுட்டார்.”

“முதல் தடவை என்ன கேட்டீங்க?”

“நீச்சல் குளத்தை ஏன் மூடினீங்கன்னு.”

“அப்படிக் கேட்டா வராதுங்க. ‘ஏன்’னு கேட்டா யாரும் எழுத மாட்டாங்க. இருக்கிற காகிதத்தைத்தான் கேட்கணும்.”

“அதையும் கேட்டாச்சு! பாதுகாப்பு ஆய்வு அறிக்கையோட நகல் வேணும்னு, மாசம் வருஷம் எல்லாம் போட்டு. ‘அப்படி ஓர் ஆவணம் இல்லை’யாம். அறிக்கையே இல்லாம எட்டு மாசமா எப்படிங்க பூட்டு தொங்கும்?”

குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே... அப்பா, என்ன கண்கள்! மழை கழுவிவிட்ட ஜன்னல் மாதிரி, ஒளிவுமறைவே இல்லாத கண்கள்.

“இருக்குங்க,” என்றான் அவன் மெதுவாக. “ரெண்டு கண்ணும்.”

கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. தகவல் அலுவலர்.

வேறு யாராவது என்றால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். இவள் பிசியோதெரபிஸ்ட்; மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் முழங்கால்களோடு தினமும் மல்லுக்கு நிற்கிறவள். பதினோரு நோயாளிகளுக்கு அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் நடை பழக்கிக்கொண்டிருந்தாள். அவர்களில் ஒருவர், பக்கவாதம் வந்த ஓய்வுபெற்ற டிரைவர். தண்ணீரில் மட்டும் அசையத் தொடங்கியிருந்த அவருடைய இடது கால், எட்டு மாதமாகக் கட்டிலில் கிடந்தது.

“நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க. பதிவறைக்குப் போய்த் தேடினீங்களா?”

“பொறியியல் பிரிவுல இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க...”

“நீங்க தேடினீங்களா?”

அவன் தோளை நிமிர்த்திக்கொண்டான். “ஆறு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். என் பதில் ஒண்ணுகூட மேல்முறையீட்டுல கவுந்தது கிடையாது.”

“அப்படிங்களா சார்? இப்பவே கவுத்துடுவோம்.”

மேல்முறையீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். அவன் கண் முன்னாலேயே காரணத்தைத் தட்டினாள்: ‘தேடாமலே இல்லை என்கிறார்.’ அனுப்பியும் விட்டாள்.

“காரணம் ரொம்பச் சுருக்கமா இருக்கு...”

“உங்க பதிலைவிட நீளம்தான்!”

அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. பொல்லாத கௌரவம் அதைப் பிடித்து உள்ளே தள்ளியது. விறுவிறுவென்று மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

அதன் பிறகு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மனுவின் நிலையைப் பார்த்தாள் அவள். ‘பரிசீலனையில்.’ ‘பரிசீலனையில்.’

“என்னடி, எப்பப் பாரு போனும் கையுமா?” அண்ணி கேட்டாள்.

“மனு விஷயம் அண்ணி.”

“அரசாங்க வெப்சைட்டைப் பார்த்து வெட்கப்படற முதல் ஆள் நீதான்.”

“யாரு வெட்கப்பட்டா?”

“காதைத் தொட்டுப் பாரு, சுடுது!”

ச்சே... ‘தேடிப் பார்க்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பான்? தன் பக்கம் தப்பு என்று சொல்லத் தெரியாதவனோடு எப்படிக் காலம் தள்ளுவது?

காலம் தள்ளுவதா! நினைப்பு ஓடிய ஓட்டத்தைக் கண்டு அவளே திடுக்கிட்டாள்.

நகராட்சி அலுவலகத்தில் மேல்முறையீட்டு விசாரணை நாள் வந்தது. மேலதிகாரி அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “என்ன தம்பி, உங்க பதில்ல உறுதியா நிற்கிறீங்களா?”

அவன் எழுந்தான். சட்டையெல்லாம் தூசி. தலையில் ஒட்டடை. கையில் ஒரு கோப்பு.

“இல்லை மேடம். மூணு நாளா பதிவறையில நானே தேடினேன். அறிக்கை இருக்கு. சாலைப் பிரிவுக் கட்டுக்குள்ள சொருகிக் கிடந்தது. போய்ப் பார்க்காமலே இல்லைன்னு எழுதிட்டேன். இவங்க சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது.”

அவள் நெஞ்சுக்குள் எதுவோ சட்டென்று இளகியது...

அறிக்கையை அம்மா வாங்கிப் படித்தார். குளத்துக்கும் கட்டடத்துக்கும் ஆபத்தில்லை. வடிகட்டும் மோட்டாரை மாற்றினால் போதும்.

“இதுக்கா எட்டு மாசம்? மேல்முறையீடு ஏத்துக்கிட்டாச்சு. இவங்களுக்கு ஒரு நகல் குடுங்க. ஆணையர்கிட்ட நானே இன்னொண்ணைக் கொண்டு போறேன். மோட்டார் இந்த மாசமே மாறும்.”

மாடிப்படியில் அவளுக்குப் பின்னால் காலடிச் சத்தம்.

“ஒரு நிமிஷம்...”

“சொல்லுங்க சார்.”

“மனு நடக்கும்போது நான் உங்ககிட்டப் பேசியிருந்தா, அது உங்க மனுவுக்குத்தான் கெடுதல். இப்ப உத்தரவு வந்தாச்சு. அதனால...” மூச்சை இழுத்துக்கொண்டான். “அன்னைக்கு என் முகத்துக்கு நேரா என்மேலயே மேல்முறையீடு போட்டீங்களே... அப்பவே நான் விழுந்துட்டேன். உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப.”

அந்தக் கண்கள்... இப்போது பயந்திருந்தன. அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் எட்டி, அவன் தலையிலிருந்த ஒட்டடையை எடுத்தாள்.

“தப்பு என்னோடதுன்னு சபையில எழுந்து நின்னு சொல்ற ஆம்பளையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்,” என்றாள். “நான் விடறதா இல்லை.”