கண்டக்டரின் குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் தூத்துக்குடி கைமாற்று மன்றத்தில் கூட்டம் அலைமோதும். எல்லாம் திரையில்தான். ஒருவர் பழைய கார்ப் பந்தய வீடியோ விளையாட்டைக் கொடுத்து இரண்டு படங்கள் கேட்பார். இன்னொருவர் படத்தோடு பாட்டும் தருகிறேன் என்பார். பேச்சு படிந்ததும் இருவரும் ஒரு டீக்கடையில் சந்தித்து, அது பதிந்திருக்கும் சிறு வில்லையின் மேல் சேர்ந்து விரல் வைப்பார்கள். அதைத் திறக்கும் கைச்சாவி விரல்ரேகைதான்; கொடுத்தவருடையது நீங்கி, வாங்கியவருடையது ஏறிவிடும்.

மன்றத்தை நடத்திவந்தவள் ஜெசிந்தா. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. அந்த வாரம் அவளுக்கு ஒரே கவலை, கஸ்பார் மோத்தா. அவரிடம் இருந்த பேருந்து விளையாட்டின் கெடு முடியப்போகிறது. அவரோ எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை.

பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையக் கிடங்குகளை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட எல்லாவற்றையும் இழந்தார்கள். வில்லைகளில் தப்பியதைச் சிலர் பெட்டி பெட்டியாகப் பதுக்கினார்கள். அதைத் தடுக்க வந்ததுதான் ஓராண்டுச் சட்டம். எந்த வில்லையும் ஒருவரிடம் ஓராண்டுதான் இருக்கலாம். அதற்குள் கைமாறாவிட்டால் பூட்டிக்கொள்ளும். பிறகு யாராலும் திறக்க முடியாது. கைமாறினாலோ, கொடுத்தவரிடம் அது திரும்பி வராது. பிரதி எடுப்பதும் பதிவு செய்வதும் குற்றம்.

அந்தப் பேருந்து விளையாட்டில் மிஞ்சியிருந்தது ஒரே வில்லை. ஜெசிந்தா நேரில் போனாள்.

மோத்தா துறைமுகத்துக்குள் கப்பல்களைக் கொண்டுவந்து சேர்க்கும் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த விளையாட்டில் கண்டக்டருக்குக் குரல் கொடுத்தது அவர் மனைவி ரோஸ்லின். கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த குரல். அவள் இறந்தபின் மன்றத்தில் பல வருடம் தேடித்தான் வில்லை அவர் கைக்கு வந்தது.

"பூட்டிக்கிடட்டும்மா. ஊர் பேர் தெரியாதவன் கையில அவ குரலக் குடுக்க எனக்கு மனசு வரல."

போவதற்கு முன் ஒரு தடவை விளையாடிப் பார்க்கலாமா என்று ஜெசிந்தா கேட்டாள். அவர் தயங்கி, விரல் வைத்துத் திறந்து கொடுத்தார்.

அவள் வண்டி ஓட்டிப் பழகாதவள். விளையாட்டில் வரும் தூத்துக்குடி-திருச்செந்தூர் சாலையில், ஆத்தூர் வளைவில் பேருந்து சாலையை விட்டு இறங்கி, ஒரு வாழைத்தோட்டத்துக்குள் புகுந்தது. உடனே கண்டக்டரின் குரல் கேட்டது: "டிரைவரண்ணே, வாழைக்கெல்லாம் டிக்கெட் போட முடியாது. வண்டிய ரோட்டுக்கு எடுங்க."

மோத்தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இந்த ஓராண்டில் தினமும் ஓட்டியும் அந்த வார்த்தைகளை அவர் கேட்டதே இல்லை. கப்பல் ஓட்டியது போலவே, ஒரு கீறல் விழாமல் நேரத்துக்கு ஓட்டியவர் அவர். அந்த ஓட்டத்துக்கு உரியதை மட்டுமே ரோஸ்லின் அவரிடம் பேசியிருந்தாள்.

"இன்னும் என்னெல்லாம் பேசி வச்சிருக்காளோ," என்றார் மெதுவாக.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஓட்டுற ஆளப் பொறுத்துத்தான் பேசுவாங்க போல."

மோத்தா வில்லையை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். இருவரும் அதில் விரல் வைத்தார்கள்.

அவர் சம்மதத்தோடு, வில்லை போகும் இடமெல்லாம் ஜெசிந்தா அவருடைய தொலைபேசி எண்ணையும், விளையாடும்போது அழைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள். பிரதி எடுக்கவும் பதிவு செய்யவும்தான் தடை. ஒருவர் விளையாடுவதை இன்னொருவர் போனில் கேட்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

முதல் அழைப்பு தர்மபுரியிலிருந்து. மூட்டையோடு ஏறிய பயணியோடு ரோஸ்லின் போட்ட சண்டையை ஓர் ஆசிரியர் கேட்க வைத்தார். அடுத்த கை யாழ்ப்பாணத்தில். மழையில் வண்டி நின்றுபோனபோது அவள் பாட்டு முணுமுணுத்ததை மோத்தா கேட்டார். அழைத்தவர்களோடு மோத்தா நெடுநேரம் பேசினார். பிறகு மன்றத்தில் தானும் ஒரு படம் வாங்கினார், கெடு வருவதற்கு வெகு முன்பே கொடுத்தும் விட்டார்.

ஒரு மாலை காரைக்காலிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள். "ஐயா, மன்னிச்சிருங்க. திருச்செந்தூர்ல பிரேக் பிடிக்காம பஸ்ஸக் கடல்ல இறக்கிட்டேன். அக்கா திட்டுறாங்க, கேக்குதா?"

மோத்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைசிச் சொல்வரை கேட்டார். கண்ணீர் வரச் சிரித்தார்.

"கேட்டுச்சும்மா," என்றார். "சிரமம் பாக்காம இன்னொரு தடவ இறக்குங்க."