மழைக்கு ஒதுங்கிய விருந்தாளி

காலையிலிருந்தே காற்று ஒரு நிலையில் இல்லை. செயின்ட் ஓடில் தீவின் காவல் நிலையத்தில் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. பெலிகன் முனை சொகுசு விடுதியின் மேனேஜர் கிறிஸ்பின் லாக்ஹார்ட் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

“நம்ம இயாந்தே மேல திருட்டுப் பட்டம் கட்டிட்டாங்க, மேடம். டொரொன்டோவுலேருந்து பெட்டிஃபர்னு புருஷன் பெண்டாட்டி வந்து தங்கியிருக்காங்க. அந்தம்மாவோட மரகத மாலைய நேத்து நகைப்பெட்டியோட காணோம். இன்னிக்குக் காலையில அந்த மாலை மட்டும் இயாந்தே அறை சுத்தம் பண்ணத் தள்ளிட்டுப் போற வண்டியில, துண்டுங்களுக்கு அடியில கிடைச்சுது. தேடி எடுத்ததே அந்தப் புருஷன்தான். இவளானா வாயே திறக்க மாட்டேங்கிறா.”

“பெட்டி?” என்றார் இன்ஸ்பெக்டர் வெர்னா ஒலிவியர்.

“கிடைக்கல. இந்த வாரமே சரியில்ல மேடம். தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளை ஒருத்தர் தூறலுக்கு மஞ்சினீல் மரத்தடியில ஒதுங்கி, முதுகு பூரா கொப்புளம். அத ஆத்தி அனுப்புறதுக்குள்ள இது.”

வெர்னா தம்ளரில் மிச்சமிருந்த மாபி மரப்பட்டைக் கசப்புப் பானத்தை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். கான்ஸ்டபிள் கெல்சன் ஹேசல் அதற்குள் ஜீப்பைக் கிளப்பியிருந்தான்.

“இயாந்தே என்கூடப் படிச்சவ, மேடம். அவ எடுத்திருக்க மாட்டா.”

“உன்கூடப் படிச்சவளா? அப்போ சந்தேகம் கூடுது,” என்றார் வெர்னா.

கடலைப் பார்த்த வில்லாவில் இயாந்தே கேட்டோ சுவரோரமாக, விரல்களைக் கோத்துப் பிசைந்துகொண்டு நின்றாள். திருமதி லெனோர் பெட்டிஃபர் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். அவள் கணவன் கிரஹாம் மட்டும் நாற்காலியில் சாய்ந்திருந்தான். கையில்லாத பனியன், வெயிலில் சிவந்து, எண்ணெய் பூசியதுபோல் வழவழவென்ற தோள்கள். மடியில் கேமரா பை.

“நேத்து மத்தியானம் மழை வந்தப்ப நான் கடற்கரையில இருந்தேன்,” என்றான் கிரஹாம். “மணல் முடியிற இடத்துல ஒரு மரம் இருக்கே, சின்னச் சின்னதா பச்சை ஆப்பிள் மாதிரி காய் காய்க்குமே, அதுக்கு அடியிலதான் மழை விடுற வரைக்கும் நின்னேன். சட்டைகூட இல்ல, தொப்பலா நனைஞ்சுட்டேன். அங்கேருந்து இந்த வாசல் நல்லா தெரியும். இந்தப் பொண்ணு உள்ள போறதப் பார்த்தேன்.”

“நீங்க எங்க இருந்தீங்க?” என்று லெனோரைக் கேட்டார் வெர்னா.

“மசாஜுக்குப் போயிருந்தேன்.” அவள் நடை நின்றது. “அந்தப் பெட்டி… அது இல்லாம நான் எப்படிப் போவேன்?”

“மாலைதான் கிடைச்சிடுச்சே, லெனோர். பெட்டி வேற வாங்கிக்கலாம்,” என்றான் கிரஹாம். லெனோர் மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

வெர்னா, கெல்சனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

“காலடித் தடம் பார்க்கட்டுமா, மேடம்?”

“மழை கழுவின மணல்ல என்னத்தப் பார்ப்ப? இங்கேருந்து வாசல் தெரியுதான்னு பாரு.”

“நல்லாவே தெரியுது. அந்தாளு சொன்னது சரிதான்.”

“இப்ப மேல பாரு.”

கெல்சன் அண்ணாந்து பார்த்தான். அவன் கால்கள் தாமாகப் பின்வாங்கின.

அவர்கள் திரும்பியபோது மேனேஜரும் அங்கே வந்திருந்தார். வெர்னா கதவைச் சாத்திவிட்டு, நிதானமாகப் பேசினார்.

“மிஸ்டர் பெட்டிஃபர், நீங்க சொன்ன மரத்துக்குப் பேரு மஞ்சினீல். மழைத்தண்ணி அதோட பாலக் கரைச்சுக்கிட்டுச் சொட்டும். வெறும் உடம்புல பட்டா வெந்து கொப்புளிக்கும். மழை விடுற வரைக்கும் அங்க நின்னவர் இன்னிக்கு நாற்காலியில முதுகு சாய்க்க முடியாது. உங்க தோள்ல ஒரு கொப்புளம்கூட இல்ல. அப்போ மழையில நீங்க அங்க இல்ல. இயாந்தே உள்ள போனது உங்களுக்குத் தெரியும்னா, நீங்க இருந்தது இங்கேயே எங்கேயோ.”

கிரஹாம் சிரித்தான். “நான் ஏன் என் சொந்த மாலையத் திருடணும்?”

“மாலை யாருக்கும் தேவைப்படல. திருடறவ மாலைய வண்டியில போட்டு வச்சுட்டுக் காலிப் பெட்டிய ஒளிப்பாளா? பெட்டிக்குள்ள வேற ஏதோ இருந்திருக்கு. உங்க மனைவி ‘அது இல்லாம எப்படிப் போவேன்’னாங்க. நகை இல்லாம ஊருக்குப் போகலாம். பாஸ்போர்ட் இல்லாமப் போக முடியாது.”

இயாந்தே, லெனோரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் அவள வரச் சொன்னேன்,” என்றாள் லெனோர். “இவர விட்டுட்டு இன்னிக்குச் சாயங்காலக் கப்பல்ல நான் மட்டும் போறதா இருந்தேன். பாஸ்போர்ட் பெட்டியோட அடித்துணிக்குள்ள இருந்தது. நான் மசாஜுக்குப் போனா இவருக்குச் சந்தேகம் வராது. அந்த நேரத்துல என் துணிமணிய வெளியே கொண்டுபோறதா இவ ஒத்துக்கிட்டா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன். இவ மாட்டிக்கிட்டப்பகூட நான் வாயத் திறக்கல. பயமா இருந்தது.”

“லெனோர், உனக்கு உடம்பு சரியில்ல,” என்றான் கிரஹாம். அவன் கை கேமரா பையின் மேல் இறுகியது.

“பையத் திற, கிரஹாம்,” என்றாள் லெனோர்.

அவன் அசையவில்லை. கெல்சன்தான் அதை வாங்கித் திறந்தான். கேமராவுக்குக் கீழே நகைப்பெட்டி இருந்தது. அதன் துணி கிழிந்து, பாஸ்போர்ட் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மனைவி தன்னை விட்டுப் போகாதபடி அவன் எடுத்து ஒளித்ததை, திருடி கடலில் எறிந்துவிட்டாள் என்று ஊரை நம்பவைத்திருக்கலாம். மனைவிக்கு உதவியவளும் தொலைந்திருப்பாள்.

சாயங்காலம் படகுத்துறையில் கூட்டம். வெர்னாவும் கெல்சனும் ஓரமாக நின்றார்கள். கிரஹாம் காவல் நிலையத்தில் இருந்தான். வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த லெனோர், மாலையை இயாந்தேவிடம் நீட்டினாள்.

“இது உனக்கு. நான் பண்ணினதுக்கு…”

இயாந்தே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? காலையிலேருந்து இந்தத் தீவு பூரா என்னத் திருடின்னு பேசியாச்சு. எங்கம்மா சந்தையிலேருந்து பாதியில வீட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க கப்பல் ஏறிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும், மேடம்.”

கப்பல் ஊதியது. லெனோர் ஏணிப்பலகை வரை போய்விட்டுத் திரும்பினாள். மீன்காரிகளும், சுமை தூக்குபவர்களும், விடுதி ஊழியர்களும் நின்ற இடத்துக்கு நடந்து வந்து, பயணப் பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, எல்லார் காதிலும் விழும்படி, நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

கெல்சன் பதறிப்போய்க் கப்பலைப் பார்த்தான். “கப்பல் போயிடும், மேடம்.”

“நீ போய்க் கேப்டன நிறுத்து,” என்றார் வெர்னா. “அந்தம்மா முழுசா சொல்லி முடிக்கட்டும்.”