பின்னால் வருபவர்

மலைப் பயண கிளப் ஒன்றில் சேர்ந்தால் நாலு பேரோடு பழகலாம் என்று யோசனை சொன்னவன் அறைத்தோழன் சபரிநாதன். சொன்ன கையோடு கல்யாணம் முடித்துக்கொண்டு தூரத்தில் சுகர் லேண்ட் என்ற ஊருக்குப் போய்விட்டான். சன்னிவேல் அபார்ட்மெண்டில் அவனுடைய நாற்காலியும் தட்டும் மிச்சம். கூடவே நெடுஞ்செழியனும் மிச்சம். கோபிசெட்டிபாளையத்தில் வீடு நிறைய ஆட்களோடு வளர்ந்தவன். இங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் வாயை மூடினால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பான். அப்போது தன் குரலே அவனுக்குக் கரகரவென்று அந்நியமாகக் கேட்கும்.

1998 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கிளப் வேனில் ஏறி அவனும் சியரா மலைக்குப் போனான். மெல்லிய நீளமான ஸ்கீ பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனிக்காட்டுப் பாதையில் வரிசையாகத் தள்ளித் தள்ளிப் போகிற பயணம். படத்தில் பார்த்தபோது பறப்பது போல இருந்தது. மாட்டிய பிறகோ சேற்று வயலில் இறங்கிய கதைதான். சாப்பாட்டு நேரத்துக்குள் பலமுறை விழுந்து எழுந்துவிட்டான்.

கிளப்பில் ஒரு விதி உண்டு. பாதை பிரிகிற இடத்தில், உனக்குப் பின்னால் வருபவர் உன்னைப் பார்க்கும்வரை நீ நிற்க வேண்டும். அவர் பார்த்துக் கையைத் தூக்கிய பிறகுதான் நகரலாம். இப்படி ஒருவருக்காக ஒருவர் நின்று போனால் யாரும் தொலைய மாட்டார்கள். நெடுஞ்செழியனுக்கு அந்த விதியை ரொம்பப் பிடித்துவிட்டது. தனக்காக ஒரு ஆள் நிற்பதைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

அன்று அவனுக்காக நின்றவள் ஜலஜா. சென்னைக்காரி, பல் டாக்டர், கிளப்பில் பழைய உறுப்பினர்.

"எப்பவும் கடைசியா வர்றவருக்குக் கால் சுளுக்கிடுச்சு, வேன்லயே உட்கார்ந்துட்டாரு. ஸோ, இனிமே நீங்கதான் லாஸ்ட்," என்றாள், சாப்பிட்டுக் கிளம்பும்போது. "உங்க பின்னாடி யாருமில்ல. யாருக்காகவும் வெயிட் பண்ணாதீங்க."

"சரிங்க."

"யாருமே இல்ல. ஞாபகம் வெச்சுக்கோங்க."

ஒரே விஷயத்தை ஏன் இரண்டு தடவை சொல்கிறாள் என்று அவன் யோசிக்கவில்லை.

சற்று நேரத்தில் பனி கொட்ட ஆரம்பித்தது. முன்னால் போன ஜலஜாவின் சிவப்பு ஜாக்கெட் மங்கி மங்கி மரங்களுக்குள் மறைந்தது. காற்று இல்லை, பறவை இல்லை. பைன் மரங்களின் பிசின் வாசம் மட்டும் மூக்கில் ஏறியது. தன் ஸ்கீ பனியில் உரசும் சரக், சரக் என்ற சத்தத்தைக் கேட்டபடி போய்க்கொண்டிருந்தான்.

நின்றான்.

சரக்.

ஒன்று மட்டும் தாமதமாக, பின்னாலிருந்து வந்தது.

கால் சுளுக்கியவர்தான் சரியாகி வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டான். எதிரே பாதை இரண்டாகப் பிரிந்தது; அங்கே நின்றிருந்த சிவப்பு ஜாக்கெட், அவன் கையைத் தூக்கியதும் நகர்ந்தது. விதிப்படி நின்று திரும்பிப் பார்த்தான். மரங்களுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். அது கையைத் தூக்கவில்லை.

"ஏனுங்க," என்றது. "கொஞ்சம் நில்லுங்களே."

அசல் கோபிப் பேச்சு. இந்த மலையில், இந்தப் பனியில். பயப்பட வேண்டிய நேரத்தில் அவனுக்கு அழுகைதான் வந்தது.

"நிக்கறனுங்க. மெதுவா வாங்க."

"சாப்டீங்களா?"

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் அவனிடம் கேட்காத கேள்வி.

"ஆச்சுங்க. நீங்க?"

உருவம் நெருங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் குளிர் நெருங்கியது. விரல்கள் மரத்தன, பிறகு முழங்கால். உட்கார்ந்தால் தேவலை போல இருந்தது. உட்கார்ந்துவிட்டான்.

"எனக்காவ ஒருத்தரும் நிக்கலீங்க," என்றது குரல், காதுக்குப் பக்கத்தில்.

இருட்டத் தொடங்கியபோது தூரத்தில் விசில் கேட்டது. ஜலஜா திரும்பி வந்துகொண்டிருந்தாள். நெடுஞ்செழியன் கையிலிருந்த ஸ்கீ தடியை ஊன்றித் தட்டுத்தடுமாறி எழுந்தான். பேசிக்கொண்டிருந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் கிளம்புவது எப்படி? அவன் வளர்ந்த வளர்ப்பு அப்படி. ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த வார்த்தை தானாக வாயில் வந்தது.

"ஒரு நாளைக்கு நம்ம வூட்டுக்கு வாங்க."

ஜலஜா வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவனுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். பனியில் அவனுடைய தடம் மட்டும்தான் இருந்தது.

வேனில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யாரோட பேசிட்டிருந்தீங்க?"

"நம்மூர்க்காரர் ஒருத்தருங்க. கோபிப் பக்கம்."

"என்கிட்ட மெட்ராஸ் தமிழ்ல பேசிச்சு," என்றாள் ஜலஜா. "நான் நிக்கல. நீங்க அதுக்கு எதுவும் சொல்லிடலையே?"

"இல்லீங்க," என்றான் நெடுஞ்செழியன். ஒரு மரியாதைப் பேச்சில் என்ன வந்துவிடப் போகிறது?

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தான். உள்ளே கார்ப்பெட் நனைந்து கிடந்தது. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். மேலே காய்ந்திருந்தது. ஈரத்தின் நடுவில் ஒரு பைன் ஊசியிலை.

அடுத்த நாள் ஈரம் சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்திருந்தது.

அதற்கடுத்த நாள் சபரிநாதனின் நாற்காலி நனைந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவன் ஹைவே ஓரத்து மோட்டல் ஒன்றுக்கு ஓடிப் போனான். அங்கே கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் இருந்தான். சுவரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பையை எடுத்துக்கொண்டு அவனாகவே வீட்டுக்குத் திரும்பினான். வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஜலஜா போன் பண்ணினாள்.

"இந்த சாட்டர்டே மலைக்குப் போகல. சும்மா பீச்சோரம் ஒரு ஹைக், அப்புறம் எங்க வீட்ல லஞ்ச். நீங்க கண்டிப்பா வரணும். நானே வந்து பிக்அப் பண்றேன்."

இரண்டு வாரம் முன்னால் கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே குளித்துத் தயாராகி இருப்பான்.

"இல்லீங்க, வர முடியாது."

"ஏன்? பல்லு ஏன் இப்படித் தந்தியடிக்குது உங்களுக்கு? காய்ச்சலா?"

"ஹீட்டர் சரியில்லீங்க."

"நெடுஞ்செழியன்." அவள் குரல் தாழ்ந்தது. "அங்க நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

அவன் மேஜையைப் பார்த்தான். இரண்டு தட்டுகளிலும் சுடச்சுட ரசம் சாதம். இரண்டிலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"வூட்டுக்கு ஆள் வந்திருக்காங்க," என்றான். போனை வைத்தான்.

மலைக்குப் போட்டுப் போன ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு உட்கார்ந்தான்.

எதிர்த்தட்டில் ஆவி சட்டென்று நின்றது. சோற்றின் மேல் மெல்லிய பனி படர்ந்தது.

"சாப்டீங்களா?"

"இல்லீங்க," என்றான் நெடுஞ்செழியன். "உங்களுக்காகத்தான் நின்னேன்."

அவன் தட்டிலும் ஆவி நின்றது.