முதற்குடிக் கல்

கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில், யாழ்ப்பாணத் தமிழர் குடியேறிய புதுவயல் கிராமத்தில், கி.பி. 2190-இல், குடும்பச் சண்டைகளை மண்ணிடம் கேட்டுத் தீர்ப்பதே வழக்கம். மண்வாசிப்பான் என்ற ஆறுகால் கருவி நிலத்துக்குள் ஊசியை இறக்கும். எந்தப் படையில் யாருடைய வியர்வையும் சாம்பலும் கிடக்கிறது என்று ஆண்டோடு சொல்லிவிடும். அதனுடன் வாதாடிப் பயனில்லை.

அன்று மரபுச் சபை கூடியிருந்தது. பெரும் வறட்சிக்குப் பின் இங்கே முதலில் குடியேறியவரின் பெயரைக் கருங்கல்லில் வெட்டி, கோதுமைக் களஞ்சியத்தின் முன் நடப்போகிறார்கள். அதில் தன் பூட்டனின் பெயரைப் பார்க்காமல் கண்மூடக் கூடாது என்று எழுபத்தெட்டு வயது இராசமலர் பத்து ஆண்டுகளாக அலைகிறாள், பாவம். எதிர்வீட்டு ஒலென்சுக்குக்கும் அதே ஆசைதான். உக்ரேனிய வம்சம், ஆனால் சண்டை பிடிப்பதெல்லாம் சுத்த யாழ்ப்பாணத் தமிழில்.

கருவியை இயக்க ஆற்றுக்கு அப்பாலிருந்து டெல்வீனா வந்திருந்தாள். கனடாவின் கிரீ பழங்குடிப் பெண். இவ்வூர்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஊசி ஒரு சாண் இறங்கியது.

"2083. இராசமலரம்மாவின்ர பூட்டன்," என்று திரையைப் பார்த்துப் படித்தாள் டெல்வீனா.

இராசமலரின் கண்கள் கலங்கின.

"இன்னும் கீழ விடும் பிள்ளை!" என்றார் ஒலென்சுக்.

இரண்டு ஆண்டுப் புழுதிப்புயல் கொட்டிய மண்ணைத் துளைத்து ஊசி முழம் தொட்டது.

"2081. ஒலென்சுக் குடும்பம்."

"பாத்தியளே!" மனிதர் துள்ளினார்.

இராசமலர் விடவில்லை. "நிப்பாட்டாதையும்! இன்னும் விடும்! என்ர பூட்டன் அங்கயும் இருப்பார்!"

ஊசி இறங்கியது. அடுப்புச் சாம்பல், காட்டெருமை எலும்பு, ஒரு குழந்தையின் பால்பல். டெல்வீனா திரையில் ஆண்டைப் பார்த்தாள்.

"நாலாயிரம் வருசம். என்ர ஆக்கள்," என்றாள் மெதுவாக.

ஒலென்சுக்தான் முந்திக்கொண்டார்.

"முழத்தோட நிப்பாட்டுவம்."

"சாணோட காணும், முழம் வேண்டாம்," என்றாள் இராசமலர்.

டெல்வீனாவுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும்தான். "ஒரு விரலளவு வைச்சால் நான்தான் முதல் ஆள். இண்டைக்குக் காலமைதான் வந்தனான்."

எதிரிகள் இருவரும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பினார்கள்.

"குறை நினைக்காதையும் பிள்ளை," என்றாள் இராசமலர், உண்மையான வாஞ்சையோடு. "நீர் வெளியாள். எங்கட ஊர்ச் சரித்திரத்தில தலையிடக் கூடாது."