கூட வந்தவர் இல்லை

படகுத்துறையில் காங்பிங் மூன்று பேருக்கு மட்டும் சீட்டு வாங்கிவந்தான். அவன், அவன் மனைவி வென்ஷியா, பிள்ளை தோதோ, வென்ஷியாவின் அப்பா என்று சீனாவின் ஹுனான் மலைப்பக்கத்திலிருந்து ரயிலேறி ஹாங்காங் பார்க்க வந்தது நாலு பேர். அப்பாவுக்குச் சீட்டு எங்கே என்று அவள் கேட்டதற்கு, பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, எந்த அப்பாவுக்கு என்று திருப்பிக் கேட்டான். மத்தியானம் நடந்ததைக் குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தாள். குத்திக் காட்ட அவனுக்கு முழு உரிமையும் இருந்தது.

மத்தியானம் சாப்பிடப்போன தேநீர்க்கடையில் கூட்டம் முட்டி மோதியது. முன்பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பது இந்த ஊரில் சகஜம். யாரும் யாரோடும் பேசாமல் அவரவர் பாட்டுக்குத் தின்றுவிட்டு எழுந்து போவார்கள். மேசை நடுவில் ஒரு பெரிய கிண்ணம் வைப்பார்கள். கோப்பையையும் சாப்பிடும் குச்சிகளையும் சுடுதேநீர் ஊற்றி அதில் அலசவேண்டும். மலைப்பக்கத்தில் அப்படி ஒரு பழக்கம் கிடையாது. பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து வென்ஷியா எல்லாவற்றையும் அலசி முடித்து நிமிர்வதற்குள், அப்பா அந்த அலசின தண்ணீரைக் கிண்ணத்தோடு இரண்டு கையாலும் தூக்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டார். குடித்துவிட்டுச் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. கல்குவாரியில் வெடி வைத்து வைத்துக் காது மந்தமாகிப்போன மனுஷர், சூப்பில் உப்பே இல்லை என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

பக்கத்து மேசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மலைநாட்டு ஜனங்கள் என்று ஒருத்தி சொன்னது வென்ஷியாவின் காதில் விழுந்தது. மானம் கப்பலேறியது. என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ள வந்த பரிசாரகன் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தான்.

"இவரு உங்க கூட வந்தவரா?"

"இல்லீங்க. நாங்க மூணு பேருதான். இவரு யாரோ, இடமில்லாம இங்க உக்காந்திருக்காரு."

அப்பாவுக்குக் காதுதான் மந்தம். மகளின் உதட்டைப் படிக்க அவருக்கு நன்றாகவே தெரியும். தன் கோப்பையை மேசை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு, முழங்கையை ஒடுக்கி, அந்நிய மனுஷன் எப்படி உட்காருவானோ அப்படி உட்கார்ந்தார். சாப்பாடு வந்ததும் வென்ஷியா தன் கிண்ணத்தைத் தொடாமலே தள்ளிவைத்தாள்.

படகு புறப்பட்டபோது துறைமுகத்தின் மேல் மூடுபனி இறங்கி, எதிர்க்கரையின் உயரமான கட்டிடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. டீசல் நாற்றமும் நனைந்த கயிற்றின் வாடையும் அழுகிய பாசியின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது, அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொன்று ஊதியது. அப்பா எப்படியோ ஏறியிருந்தார். முன்வரிசையில், முகம் தெரியாதவர்களுக்கு நடுவே, நீலப் பருத்திக் கோட்டு போட்ட அவர் முதுகு தெரிந்தது. போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று வென்ஷியாவுக்குத் துடித்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றும் இருந்தது. கடைசியில் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டாள்.

கோட்டு ஈரமாக இருந்தது. அப்பா திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. முன்பின் தெரியாத பெண்ணிடம் ஒரு பெரியவர் காட்டும் மரியாதையான சிரிப்பு இருந்தது.

"யாரும்மா நீங்க? இடம் வேணுமா? உக்காருங்க, நான் தள்ளிக்கிறேன்."

அவள் பிறந்ததிலிருந்து அவர் அவளை 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. அப்பா, விளையாடாதீங்க என்று கெஞ்சினாள். அவர் காதருகே கையைக் குவித்து, மன்னிக்கச் சொல்லி, ஆள் மாறிப் பேசுகிறீர்கள் என்றார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பேசியிலிருந்து ஒருவன் தலையைத் தூக்கினான். மத்தியானம் எரிந்த அதே இடத்தில் முகம் மறுபடி எரிந்தது.

"மன்னிச்சிருங்க. வேற யாரோன்னு நெனச்சுட்டேன்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டோம் என்று.

படகு கரை சேர்ந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நீலக் கோட்டு இறங்கிப் போனது. வென்ஷியா முண்டியடித்துக்கொண்டு ஓடினாள். துறை வாசலில் இல்லை. கழிப்பறைப் பக்கம் இல்லை. அப்பாவைக் காணோம் என்று அவள் அழுதபோது காங்பிங் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். பசியில் உளறுகிறாய் என்று சொல்லி, துறையை ஒட்டிய நடைபாதைக் கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தான். ஸ்டூல்கள் நாலு இருந்தன.

விளக்கு ஏற்றும் நேரம். எண்ணெயில் மீன் பொரிந்தது. அந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. பாசி வாடை.

"உங்கப்பா வந்துட்டாரு பாரு. இதுக்குப் போய் அழுதியே," என்றான் காங்பிங்.

அவள் நிமிர்ந்தாள். நாலாவது ஸ்டூலில் ஒரு கிழவர் உட்கார்ந்துகொண்டிருந்தார். நெட்டையான, எலும்பும் தோலுமான ஆள். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரல் நுனிகள் வெகுநேரம் நீரில் ஊறியதுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவள் இதுவரை பார்த்தேயிராத முகம்.

"தாத்தா," என்று தோதோ அவர் மடியில் சாய்ந்தான்.

"என்னையும் கூட வந்தவன் இல்லன்னுட்டாங்க. இங்க இடம் காலியா இருந்துச்சு," என்றார் கிழவர் அவளிடம், மெதுவாக.

இவர் என் அப்பா இல்லை. அதைச் சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். பக்கத்து ஸ்டூல்களில் பேச்சு நின்றது. கடைக்காரி கரண்டியோடு பார்த்தாள். பெற்ற தகப்பனையே யாரென்று கேட்கிறாளே என்று அந்தப் பார்வைகள் எல்லாம் காத்திருந்தன. வெட்கம் முந்திக்கொண்டது. வாயை மூடிக்கொண்டாள்.

கிழவர் எழுந்தார். பேரனுக்குக் கடல் காட்டுகிறேன் என்றார். போயிட்டு வாங்க மாமா என்று காங்பிங் வாய் நிறையச் சிரித்தான். தோதோவின் சின்னக் கை அந்த வெளுத்த விரல்களுக்குள் போனது.

வென்ஷியா பின்னால் ஓடினாள். ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினாள். துறையின் ஓரத்தில் கல்படிகள் தண்ணீருக்குள் இறங்கின. மூடுபனி. படிகளில் ஆட்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்து. எல்லாம் முதுகுகள். கிழவர்கள், கிழவிகள். கடலைப் பார்த்தபடி. நனைந்து. அசையாமல். கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கு இடுப்புவரை தண்ணீர். அதற்கும் கீழே தலைகள் மட்டும்.

கிழவர் தோதோவைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படியிலும் மரியாதையாகத் தள்ளிக்கொண்டு வழி விட்டார்கள். தண்ணீர் தொடும் படியில் நீலப் பருத்திக் கோட்டு ஒன்று நகர்ந்து, பக்கத்தில் பிள்ளைக்கு இடம் கொடுத்தது.

மேலே சுற்றுலா வந்த கூட்டம் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

"அப்பா!"

ஊரே கேட்கும்படி கத்தினாள்.

படிகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தண்ணீருக்குள் இருந்த தலைகளும் திரும்பின. அத்தனை முகங்களிலும் அதே மரியாதையான சிரிப்பு. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, அவளை நோக்கிப் படியேறத் தொடங்கினார்கள்.

நீலக் கோட்டு மட்டும் திரும்பவில்லை.